சலீம் கான்: பத்து வருட நடிப்பு திரைக்கதையில் எங்கே தெரிகிறது?

ரீல்பெட்டி

இந்தித் திரைக்கதை ஜோடி சலீம்–ஜாவேத் என்று பேச்சு எடுத்தாலே ஷோலே, தீவார் என்ற இரண்டு படங்களோடு முடித்துக்கொள்கிறோம். அந்த ஜோடியில் பாதியான சலீம் கான் அதற்கு முன் சுமார் பத்து வருடம் நடிகராக இருந்தவர் என்பதை ஒரு வரித் தகவலாகத் தாண்டிப் போய்விடுகிறோம். அந்தப் பத்து வருடம் இல்லாவிட்டால் அந்தத் திரைக்கதைகள் வேறு மாதிரி இருந்திருக்கும் என்பது என் கட்சி.

முதலில் அடிப்படை. 1935ல் இந்தூரில் பிறந்தவர். அப்பா போலீஸ் உயரதிகாரி. ஒரு கல்யாண வீட்டில் பார்த்த இயக்குநர் கே. அமர்நாத், ஆள் அழகாக இருக்கிறாரே என்று பம்பாய்க்கு அழைத்தார். முன்பணம் 1,000 ரூபாய், மாதச் சம்பளம் 400. முதல் படம் 'பாராத்' (1960). 'பிரின்ஸ் சலீம்' என்ற பெயரிலும் நடித்தார். 'தீஸ்ரி மன்ஸில்' (1966) பார்த்தவர்களுக்கு ஷம்மி கபூரின் டிரம்மர் நண்பனாக நினைவிருக்கும். மொத்தம் இருபது, இருபத்தைந்து படங்கள். பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் வேடங்கள். 1966ன் 'சர்ஹதி லுட்டேரா'வில் முக்கிய வேடம் கிடைத்தது. அந்தப் படப்பிடிப்பில் கிளாப் அடித்துக்கொண்டிருந்த இளைஞர்தான் ஜாவேத் அக்தர்.

நாலு காட்சி மட்டுமே வந்துபோகும் வேடங்களில் இத்தனை வருடம் நின்றவருக்குத் தெரிந்த ஒரு விஷயம் அவர் எழுத்தில் இருக்கிறது: சின்ன வேடம் என்றால் ஒரு குணம், ஒரு அறிமுகம், ஒரு வெளியேற்றம். ஷோலேயின் சாம்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். பாறைமேல் உட்கார்ந்தபடி, தன் தலைக்கு என்ன விலை என்று கொள்ளைக்கூட்டத் தலைவன் கப்பர் கேட்கும்போது பதில் சொல்லும் ஒரே வசனம். மேக் மோகனுக்கு வாழ்நாள் அடையாளம் அதுதான்.

மூவியோலா

இதில் எனக்கு உடன்பாடில்லை, ரீல்பெட்டி சார். நடிப்பில் தோற்ற எல்லாரும் நல்ல சின்ன வேடம் எழுதிவிடுவதில்லை. நடுவில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, அதை விட்டுவிட்டீர்கள். சலீம் போய்ச் சேர்ந்தது அப்ரார் ஆல்வியிடம், உதவி எழுத்தாளராக. குருதத் படங்களுக்கு எழுதிய அதே ஆல்வி. ஜாவேத் கைஃபி ஆஸ்மியிடம் உதவியாளர். இரண்டு வாத்தியார்களின் வீடும் பக்கம் பக்கம்.

அப்புறம் சிப்பி ஃபிலிம்ஸ் கதை இலாகா. மாதம் 750 ரூபாய்க்கு எழுதினார்கள். 'அந்தாஸ்' (1971), 'சீதா அவுர் கீதா' (1972) எல்லாம் அந்த இலாகா வேலை. அடுத்தவர் எழுதிய கதையில் எங்கே ஓட்டை என்று தேடி அடைக்கும் வேலையைத் தினமும் செய்தால் யாருக்கும் கை படியும்.

'ஹாத்தி மேரே சாத்தி'யும் (1971) அப்படி வந்த ரிப்பேர் வேலைதான். பெரிய முன்பணம் வாங்கிவிட்ட ராஜேஷ் கன்னா, கதை பிடிக்காமல் இவர்களிடம் வந்து 'சரி பண்ணிக் கொடுங்கள்' என்றார்.

இடைவேளை மணி

அந்த 'ஹாத்தி' நம்ம ஊர் யானைங்க. தயாரிப்பாளர் தேவர் 1967ல எடுத்த 'தெய்வச்செயல்' ஓடல. அதையே இந்திக்குக் கொண்டுபோனார், சலீம்–ஜாவேத் திரைக்கதையைத் திருப்பி எழுதினாங்க, எம்.ஏ. திருமுகம் இயக்கினார், பிரமாதமா ஓடிச்சு. அப்புறம் அதே கதை எம்.ஜி.ஆரோட 'நல்ல நேரம்' (1972) ஆகித் திரும்பி வந்துச்சு. தமிழ்ல ஓடாத கதை இந்தி வழியா சுத்தி வந்து தமிழ்லயே ஓடினது!

இந்த ஜோடியோட தமிழ்க் கணக்கை யாராவது ஒரே இடத்துல போட்டு வெச்சா நல்லது. நினைவிலிருந்து போடறேன்:

சீதா அவுர் கீதா – வாணி ராணி (1974)
ஜஞ்சீர் – சிரித்து வாழ வேண்டும் (1974)
யாதோன் கீ பாராத் – நாளை நமதே (1975)
மஜ்பூர் – நான் வாழவைப்பேன் (1979)
டான் – பில்லா (1980, மறுபடி 2007)
தீவார் – தீ (1981)
ஹாத் கீ சஃபாயி – சவால் (1981)
தோஸ்தானா – சட்டம் (1983)
திரிசூல் – மிஸ்டர் பாரத் (1986)
மிஸ்டர் இந்தியா – என் ரத்தத்தின் ரத்தமே (1989)

கொட்டகைக்காரன்

ஒண்ணு விட்டுப்போச்சு மணி. ரஜினியோட 'பொல்லாதவன்' (1980). மூலம் இந்தி இல்ல, கன்னடம். ராஜ்குமார் நடிச்ச 'பிரேமத காணிகே' (1976). கதை சலீம்–ஜாவேத்தான். அதே வருஷம் 'ராஜா நன்ன ராஜா'னு இன்னொரு கன்னடப் படத்துக்கும் எழுதியிருக்காங்க.

எம்.ஜி.ஆர், சிவாஜி, ரஜினி, கமல், பாக்யராஜ், அஜித்னு ஆறு பேருக்கும் ஒரே ஜோடியோட கதை போயிருக்கு. இப்படி வேற எழுத்தாளர் பேர் சொல்லுங்க பார்ப்போம்.

ரீல்பெட்டி

மணி, கொட்டகைக்காரன், இந்தப் பட்டியல் என் வாதத்துக்கே உதவும். ஒரு திரைக்கதையின் எந்த உறுப்பு எதைத் தாங்குகிறது என்று பார்க்க, அதில் ஒன்றை மாற்றிய ரீமேக்கைவிட நல்ல கருவி கிடையாது.

ஜஞ்சீரை (1973) எடுப்போம். நாயகன் விஜய், இன்ஸ்பெக்டர். ஷேர் கான், சூதாட்டவிடுதி நடத்தும் பட்டாணியர். ஸ்டேஷனுக்கு வந்தவர் நாற்காலியை இழுத்து உட்காரப் போகிறார். விஜய் அதை எட்டி உதைக்கிறார். இது போலீஸ் ஸ்டேஷன், உட்காரச் சொல்லும் வரை நிற்க வேண்டும் என்கிறார். சீருடை இல்லாமல் என் பேட்டைக்கு வந்து பார் என்று சவால் விட்டுப் போகிறார் ஷேர் கான். விஜய் அன்றைக்கே சீருடையைக் கழற்றிவிட்டுத் தனியாகப் போய் நிற்கிறார். சண்டை, அதன் பிறகு நட்பு.

இந்தக் காட்சி வேலை செய்ய மூன்று விஷயம் வேண்டும். உதை வாங்குவது நாற்காலி, மனிதன் அல்ல. அதனால் பிறகு நட்புக்கு வழி இருக்கிறது. ஷேர் கானாக பிராண். அமிதாப்பைவிட அப்போது பல மடங்கு பெரிய பெயர். படம் பார்ப்பவர் மனதில் எதிராளியின் எடை அதிகம். மூன்றாவது, விஜய் பாடுவதில்லை. பாட்டு ஷேர் கானுக்கும் தெருப்பாடகருக்கும் போய்விட்டது. அவன் சிரிக்காதவன், தூக்கத்தில் வெள்ளைக் குதிரைக் கனவு கண்டு அலறுபவன் என்ற நினைப்பு எந்த இடத்திலும் கலைவதில்லை. பாட்டு இல்லாத நாயகன் என்பதால்தான் அந்த வேடம் பெரிய நடிகர்களிடம் போய்ப் போய்த் திரும்பி வந்தது.

இப்போது 'சிரித்து வாழ வேண்டும்'. இன்ஸ்பெக்டரும் எம்.ஜி.ஆர், பட்டாணியர் அப்துல் ரஹ்மானும் எம்.ஜி.ஆர்! சண்டையில் யார் ஜெயித்தாலும் எம்.ஜி.ஆர்தான். எதிராளியின் எடை என்ற உறுப்பு போய்விட்டது. 'மேரா நாம் அப்துல் ரஹ்மான்' பாட்டு தனியாக நின்றது, சரி. ஆனால் இரண்டு வேறு வேறு மனிதர்கள் ஒருவரை ஒருவர் அளந்து பார்த்துச் சேருகிற நட்பு தமிழில் கிடைக்கவில்லை.

பாகவதர் கிராப்பு

எம்.ஜி.ஆர் படத்தை அந்தத் தராசில் வைப்பது நியாயமில்லை. ரசிகன் இரண்டு எம்.ஜி.ஆரைப் பார்க்கத்தான் சீட்டு வாங்கினான், அது கிடைத்தது. 'நாளை நமதே'யிலும் அதே ஏற்பாடு. இந்தியில் தர்மேந்திரா, விஜய் அரோரா, தாரிக் என்று மூன்று அண்ணன் தம்பிகள். தமிழில் இருவர் எம்.ஜி.ஆர், மூன்றாமவர் சந்திரமோகன். பிரிந்த சகோதரர் கதைக்கு அது பொருந்தவும் செய்தது, ஏனென்றால் அங்கே அவர்கள் ஒருவரோடு ஒருவர் மோத வேண்டியதில்லை.

மூவியோலா

பாகவதர் சொன்னதில் பாதி சரி. எந்தக் கதைக்கு இரட்டை வேடம் தாங்கும், எதற்குத் தாங்காது என்ற விதி அங்கேயே கிடைத்துவிட்டது. தேடல் கதைக்குத் தாங்கும், மோதல் கதைக்குத் தாங்காது.

நாற்காலி காட்சிக்கு வருகிறேன். அது நடிகனின் அனுபவமா, போலீஸ்காரர் மகனின் அனுபவமா? ஸ்டேஷனில் யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும் என்பது போலீஸ் குடும்பத்துப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம். கப்பர் சிங் என்ற கொள்ளைக்காரன் பெயரே அப்பா சொன்ன கதைகளிலிருந்து வந்தது. ஷோலே நாயகர்கள் ஜெய், வீரு, சலீமின் இந்தூர்க் கல்லூரி நண்பர்களின் பெயர்கள். அதே படத்துத் தாக்கூர் பல்தேவ் சிங், சலீமின் மாமனார் பெயர். நடிப்பு வாழ்க்கையிலிருந்து என்ன வந்தது, சொல்லுங்கள்?

ரீல்பெட்டி

வேடத்துக்கு ஆள் எடுக்கும் கண். ஜஞ்சீருக்கு அமிதாப்பைப் பிரகாஷ் மெஹ்ராவிடம் வற்புறுத்தியது இவர்கள்தான். அதுவரை வரிசையாக ஓடாத படங்கள் கொடுத்த நடிகர். தனக்கு எது இல்லை என்று தெரிந்தவருக்கு, அடுத்தவரிடம் எது இருக்கிறது என்று தெரியும். சலீமே பேட்டிகளில் சொன்னதுதான்: பாத்திரம் மனதுக்குள் தெளிவாகத் தெரியும், அதைத் திரையில் வெளியே கொண்டுவரும் வித்தை தனக்கு வாய்க்கவில்லை என்று.

கயல்விழி_கட்

இருவருமே ஒரு விஷயத்தைத் தொடவில்லை. பம்பாயில் அப்போது முழுத் திரைக்கதை கையில் வைத்துக்கொண்டு படப்பிடிப்புக்குப் போகும் பழக்கம் மிகக் குறைவு. வசனம் அன்றன்றைக்குக் களத்தில் எழுதப்படும். அந்த முறையில் அதிகம் அடிபடுவது சின்ன நடிகர்தான். நேரம் போதாது என்றால் முதலில் வெட்டுப்படுவது அவர் காட்சி. சலீம்–ஜாவேத் வசனத்தோடு முடித்த திரைக்கதையை வைத்துக் கதை சொன்னார்கள். அதில் சாம்பாவின் வரியும் எழுதியாகிவிட்டது, ஜெயிலர் அஸ்ரானியின் நடையும் எழுதியாகிவிட்டது. வெட்டினால் எங்கே இடிக்கும் என்று இயக்குநருக்கே தெரியும்.

ஷோலேயில் (1975) இது எவ்வளவு இறுக்கம் என்று பாருங்கள். முதல் பகுதியிலேயே ஒரு ரயில் சண்டை, பின்கதையாக. தாக்கூர் இன்ஸ்பெக்டராக ஜெய்யையும் வீருவையும் விலங்கிட்டு அழைத்துப் போகிறார், கொள்ளைக்காரர்கள் வழிமறிக்கிறார்கள். அந்த ஒரு காட்சிக்குள் இரண்டு விதை. குண்டடி பட்ட தாக்கூரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதா, தப்பி ஓடுவதா என்று ஜெய் நாணயம் சுண்டுகிறான். அது இரண்டு பக்கமும் தலை என்பது அவன் செத்த பிறகுதான் தெரியும். இன்னொன்று, தாக்கூரின் இரண்டு கையையும் நாம் கண்ணால் பார்த்துவிடுகிறோம். துப்பாக்கி பிடிக்கிறார், சுடுகிறார். அதனால் நிகழ்காலத்தில் அவர் எப்போதும் சால்வை போர்த்தியே இருப்பது யாருக்கும் உறுத்துவதில்லை.

அப்புறம் ஹோலி. கப்பரின் ஆட்கள் ஊரைச் சூழ்ந்த நேரம், துப்பாக்கி தாக்கூரின் காலடியில் கிடக்கிறது. அவர் குனியவில்லை. ஏன் எடுத்துக் கொடுக்கவில்லை என்று கோபமாகக் கேட்கிறார்கள். அதற்குப் பதிலாகத்தான் குடும்பம் கொல்லப்பட்ட பின்கதை, கை வெட்டு, சால்வை விலகல் எல்லாம் வரிசையாக வருகின்றன. கேள்வி முதலில், தகவல் பிறகு. இந்த வரிசையை மாற்றி, கையில்லாத தாக்கூரை முதலிலேயே காட்டியிருந்தால் படம் வெறும் பரிதாபக் கதை.

இடைவேளை மணி

கயல், இந்தச் சால்வை விஷயம் இத்தனை தடவை பார்த்தும் இப்படி யோசிச்சதில்ல.

போஸ்டர் கதையும் சொல்லிடறேன். ஜஞ்சீர் போஸ்டர்ல எழுத்தாளர் பேர் இல்லைனு, ஒரு பெயின்டரைப் பிடிச்சு பம்பாய் முழுக்க ஒட்டியிருந்த போஸ்டர் மேல 'எழுதியவர் சலீம்–ஜாவேத்'னு அச்சுத்தகடு வெச்சு அடிக்க வெச்சாங்க. அவசரத்துல சில இடத்துல அமிதாப் முகத்து மேல, பிராண் முகத்து மேலயெல்லாம் பெயர் விழுந்துச்சாம்.

பாகவதர் கிராப்பு

அதைப் பம்பாய்க்காரர்கள் புரட்சி என்பார்கள். இங்கே இளங்கோவன் காலத்திலேயே வசனகர்த்தா பெயருக்குக் கூட்டம் வந்தது. 'பராசக்தி' (1952) வந்த பிறகு கேட்கவே வேண்டாம். ஆனால் பணத்தில் அவர்கள் செய்தது புதிதுதான். ஜஞ்சீருக்கு 55,000, ஷோலேக்கு ஒன்றரை லட்சம், 'தோஸ்தானா'வுக்கு (1980) பன்னிரண்டரை லட்சம். அந்தப் படத்தில் அமிதாப் வாங்கியது பன்னிரண்டு லட்சம்.

திரைக்கதைப் பழகுநர்

ஐயா, அம்மா எல்லாருக்கும் வணக்கம். எழுதிப் பழகுகிறவர் இந்த வரிசையில் எந்தப் படத்திலிருந்து ஆரம்பிப்பது நல்லது? ஷோலே மிகவும் பெரிதாக இருக்கிறது.

கயல்விழி_கட்

ஷோலேயை விடுங்கள் தம்பி. 'மஜ்பூர்' (1974) எடுங்கள், பக்கத்தில் 'நான் வாழவைப்பேன்' வைத்துக்கொள்ளுங்கள். அளவான கதை. நாயகனுக்கு மூளையில் கட்டி, சாவு நிச்சயம் என்கிறார்கள். அம்மாவும் நடக்க முடியாத தங்கையும் இருக்கும் வீடு. ஒரு கொலையைப் பற்றித் தகவல் தந்தால் பெரிய வெகுமதி என்று அறிவிப்பு. எப்படியும் சாகப் போகிறவன், பழியைத் தானே ஏற்று, வெகுமதி வீட்டுக்குப் போகும்படி செய்கிறான். தண்டனையும் ஆகிவிடுகிறது. அப்போது அறுவை சிகிச்சையில் கட்டி குணமாகிவிடுகிறது. சாகத் தயாராக இருந்தவன் இப்போது வாழலாம், ஆனால் தூக்கு காத்திருக்கிறது. அவனே ஜோடித்த சாட்சியங்களை அவனே உடைக்க வேண்டும்.

இப்படிச் செய்யுங்கள். முதல் தடவை நிறுத்தாமல் பாருங்கள். இரண்டாவது தடவை ஒரு தாளில் மூன்று பத்தி: காட்சியில் என்ன நடக்கிறது, அது முடிந்ததும் நாயகனுக்கு எந்த வழி அடைபட்டது, பார்வையாளருக்கு மட்டும் தெரிந்தது என்ன. நடுப் பத்தி காலியாக வரும் காட்சிகளைச் சிவப்பில் குறியுங்கள். பெரும்பாலும் பாட்டு, காதல், நகைச்சுவை. அவற்றை நீக்கிவிட்டு மீதியை ஒருமுறை படியுங்கள். கதை எங்கேயாவது அறுந்தால், நீங்கள் வேண்டாம் என்று நினைத்த காட்சியில் ஒரு விதை இருந்திருக்கிறது என்று அர்த்தம், போய்த் தேடுங்கள்.

பிறகு மைக்கேல் பாத்திரம் எப்போது நுழைகிறது என்று பாருங்கள். இந்தியில் பிராண், தமிழில் ரஜினி. மிகவும் தாமதமாக வரும் வேடம், ஆனால் வந்ததும் படம் அவர் கைக்குப் போகிறது. சிவாஜி படத்தில் அப்படி ஒரு இடம் கிடைத்ததென்றால் அதற்குக் காரணம் எழுத்து.

மூவியோலா

அடுத்த பாடம் 'டான்' (1978). அதில் முடிச்சு போடுவதைவிட, உதவி செய்யக்கூடிய ஆளை நீக்குவதைக் கற்றுக்கொள்ளலாம். கும்பல் தலைவன் டான் செத்துவிட்டான் என்று தெரிந்தவர் டி.எஸ்.பி. ஒருவர்தான். அவர் டானைப் போலவே இருக்கும், தெருவில் பாடி ஆடும் விஜய்யை டானாக உள்ளே அனுப்புகிறார். வேலை முடியும் நேரத்தில் டி.எஸ்.பி. சுடப்பட்டு இறக்கிறார். அவ்வளவுதான். போலீசுக்கு விஜய்தான் டான், கும்பலுக்கு விஜய் துரோகி. சிவப்பு டைரி ஒன்றுதான் சாட்சி, அதை எடுத்துப் போனவன் ஜே.ஜே. அவன் டி.எஸ்.பி. மேல் இருக்கும் தனிப்பட்ட பகையில் எடுத்தான். அவன் பிள்ளைகளை வளர்ப்பவனே விஜய். ஒரு பொருள், நாலு பக்கத்து இழுப்பு.

1980 'பில்லா'வில் இது அப்படியே இருந்தது. தேங்காய் சீனிவாசனுக்கு ஜே.ஜே. வேடம். 2007ல் ஜே.ஜே. இழையையே எடுத்துவிட்டார்கள், டைரி பென் டிரைவ் ஆனது. பார்க்க வழவழப்பு, ஆனால் இரண்டாம் பாதியில் நாயகனை இழுப்பவர்கள் குறைந்துபோனார்கள்.

இன்னொன்று. டானின் பிற்பகுதி மூச்சுவிட இடமில்லாமல் ஓடுகிறது, நடுவே ஒரு பாட்டு வையுங்கள் என்று மனோஜ் குமார் சொல்லித்தான் அந்தப் பனாரஸ் வெற்றிலைப் பாட்டு பிறகு எடுத்துச் சேர்க்கப்பட்டது. இறுக்கமும் அளவுக்கு மீறினால் கெடுதல்.

கொட்டகைக்காரன்

எல்லாரும் ஓடின படமா பேசறீங்க. 'ஈமான் தரம்' (1977) என்னாச்சு? கோர்ட்டு வாசல்ல நின்னு காசுக்குப் பொய்ச்சாட்சி சொல்ற ரெண்டு பேர். அருமையான ஆரம்பம். படம் ஓடல.

ரீல்பெட்டி

ஆரம்பம் நகைச்சுவைக்கானது, பின்பாதி தியாகக் கதைக்கானது. இடையில் பாலம் இல்லை. 'ஷான்' (1980) வேறு வகை நோய். வில்லன் ஷகாலுக்குத் தீவு, சுழலும் மேஜை, முதலை எல்லாம் கொடுத்தார்கள். நாயகர்களுக்கும் அவனுக்கும் சொந்தப் பகை உருவாவதே போலீஸ் அண்ணன் சாகும்போதுதான். அதுவரை ஏமாற்று வேலை வேடிக்கைகள். கப்பரிடம் தீவு கிடையாது, ஒரு பாறைக்கூட்டமும் ஒரு பெல்ட்டும்தான். ஆனால் ஒவ்வொரு காட்சியிலும் யாரோ ஒருவரிடமிருந்து எதையோ பறிக்கிறான்.

பாகவதர் கிராப்பு

ஜோடி பிரிந்த பிறகு? கதை சலீம், வசனம் ஜாவேத் என்று எல்லாரும் பிரித்துச் சொல்கிறார்களே.

மூவியோலா

அந்தப் பிரிவினை ரொம்பச் சுலபமாகச் சொல்லப்படுவது. தீவாரில் காலணி துடைக்கும் பையன், வீசி எறிந்த காசை எடுக்க மாட்டேன் என்கிறான். வளர்ந்த பிறகு கடத்தல்காரர் தாவர் பணக்கட்டை வீசும்போதும் அதே பதில். இது வசனமா, கதையா? பிரித்துக் காட்டுங்கள்.

பிரிவுக்குப் பின் ஜாவேத் பாட்டெழுதப் போனார், 'சில்சிலா'வில் (1981) தொடங்கி. சலீம் தனியாக எழுதியதில் நின்றது 'நாம்' (1986). மகேஷ் பட் இயக்கம், தயாரிப்பு ராஜேந்திர குமார், மகன் குமார் கௌரவ்வுக்காக. ஆனால் கனமான வேடம் வழிதவறிய தம்பிக்கு, அதாவது சஞ்சய் தத்துக்கு. தயாரிப்பாளர் மகன் நல்ல பிள்ளையாக ஒதுங்கி நிற்க, படம் இன்னொருவருக்குப் போனது.

ரீல்பெட்டி

இரண்டாம் வேடத்துக்குப் படத்தை எழுதிக் கொடுப்பது! இதற்கு மேல் நான் என்ன வாதம் வைக்க வேண்டும், மூவியோலா?

மூவியோலா

'அகேலா'வுக்கு (1991) என்ன சொல்வீர்கள்? அதே தனி ஆள் போலீஸ், அதே அமிதாப், ஷோலே எடுத்த அதே ரமேஷ் சிப்பி. 1973ல் புதிதாக இருந்தது 1991ல் பழைய சீருடை. நடிப்பு அனுபவம் எங்கே போயிற்று? என்னைக் கேட்டால், எதிரில் உட்கார்ந்து 'இது சரியில்லை' என்று சொல்ல ஆள் இல்லாமல் போனதுதான் காரணம்.

கயல்விழி_கட்

பழகுநர் தம்பிக்கு ஒரு சேர்க்கை: 'சக்தி' (1982) விட்டுவிடாதீர்கள். கடத்தியவர்கள் போனில் மிரட்டுகிறார்கள். மகனைக் கொன்றாலும் கைதியை விடமாட்டேன் என்கிறார் போலீஸ் அப்பா. அதைச் சிறுவன் காதால் கேட்டுவிடுகிறான். அப்பா அந்த அழைப்பின் இடத்தைக் கண்டுபிடிக்க நேரம் இழுக்கிறார் என்பது நமக்குத் தெரியும், பையனுக்குத் தெரியாது. நான் சொன்ன மூன்றாவது பத்தியில் எழுத வேண்டியது அதைத்தான். பிறகு 'தங்கப்பதக்கம்' (1974) போட்டுப் பாருங்கள். அங்கேயும் போலீஸ் அப்பா, தவறிய மகன். பகை எந்தக் காட்சியில் விதைக்கப்படுகிறது, யார் பக்கம் நின்று நாம் பார்க்கிறோம் என்று இரண்டையும் ஒரே தாளில் எழுதி இங்கே போடுங்கள், பேசலாம்.

திரைக்கதைப் பழகுநர்

நன்றி அம்மா. மஜ்பூர் முதலில், சக்தியும் தங்கப்பதக்கமும் அடுத்து. தாளைத் தனி இழையாகப் போடுகிறேன், இங்கே சுட்டி தருகிறேன்.